வீட்டு இன்குபேட்டரும் கடை முட்டையும்: ஒரு மதிப்புரை

இணையக் கடைகளில் நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய இன்குபேட்டர் ஒன்றைச் சில மாதங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். ஒரே அச்சில் வார்த்த இந்தப் பெட்டியைப் பலர் வெவ்வேறு பெயர்களை ஒட்டி விற்கிறார்கள்; ஆகவே எந்தப் பெயரில் வாங்கினேன் என்பது இங்கே முக்கியமில்லை. விற்பனைப் பக்கத்தில் வாங்கியவர்கள் எழுதியிருக்கும் கருத்துகள் இரண்டு துருவங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. சிலர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் புகழ்கிறார்கள். வேறு சிலர், மளிகைக் கடையில் ஓர் அட்டை முட்டை வாங்கி வைத்ததாகவும், 21 நாள் மின்சாரம் செலவழித்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்றும், கருவியே போலி என்றும் எழுதி ஒற்றை நட்சத்திரத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். இந்த ஏமாற்றத்தில் கருவிக்குப் பங்கில்லை. விற்றவருக்கு நிறையவே பங்குண்டு. அதை விளக்குவதற்காகவே இந்த மதிப்புரையை வழக்கத்தைவிட நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கருவி. உடல் வெள்ளைப் பிளாஸ்டிக். மூடி உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி ஊடுருவும் வகை. வெப்பமூட்டும் கம்பி, காற்றைச் சுழற்றும் சிறிய விசிறி, முட்டைகளைத் தானாக உருட்டும் தட்டு, தண்ணீர் ஊற்றுவதற்கு இரண்டு பள்ளங்கள், வெப்பநிலை காட்டும் திரை ஆகியவை இருக்கின்றன. விசிறி உள்ள பெட்டிகளில் கோழி முட்டைக்கு 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வரை வைப்பது வழக்கம். தனியாக ஒரு வெப்பமானியை முட்டைகளின் உயரத்திலேயே வைத்துச் சரிபார்த்தபோது, திரையில் தெரிந்த அளவுக்கும் அதற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்த விலையில் இது பாராட்டுக்குரியது. ஈரப்பதத்தைக் காட்டும் எண்ணை மட்டும் அப்படி நம்ப முடியாது. முதல் 18 நாள்கள் 50 முதல் 55 சதவீதமும், கடைசி மூன்று நாள்கள் 65 முதல் 70 சதவீதமும் இருக்க வேண்டும் என்பார்கள். மழை பெய்யும் நாளிலும் வெயில் கொளுத்தும் நாளிலும் இந்தத் திரை ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுகிறது. அதைப் பார்ப்பதைவிட, சமையலறைத் தராசில் முட்டையை எடை போட்டுப் பார்ப்பது மேல். ஓட்டைக் குஞ்சு கொத்தத் தொடங்குவதற்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தை ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவியாக இழந்திருக்க வேண்டும். அதாவது 50 கிராம் முட்டை 44 கிராம் அளவுக்கு வர வேண்டும். எடை வேகமாகக் குறைந்தால் தண்ணீர் கூட்டலாம். குறையவே இல்லையென்றால் பள்ளங்களில் ஒன்றைக் காயவிடலாம்.

கருவியைச் சோதிப்பதற்கென்றே மூன்று வகை முட்டைகளைப் பென்சிலால் குறியிட்டு ஒன்றாக வைத்தேன். தெருமுனை மளிகைக் கடையில் அட்டையில் அடுக்கி விற்கும் நாமக்கல் வெள்ளை முட்டை ஒரு வகை. பேரங்காடியில் 'நாட்டுக்கோழி முட்டை' என்று அச்சிட்ட பெட்டியில் வரும் பழுப்பு முட்டை இன்னொரு வகை. மூன்றாவது, சேவலோடு பெட்டைகளும் புழக்கடையில் மேயும் ஓர் உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறுவிடை (உருவில் சிறிய நாட்டுக்கோழி) முட்டை. ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதம், ஒரே உருட்டல். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச் ஒளியை முட்டைகளின் அகன்ற முனையில் பிடித்துப் பார்த்ததில் எல்லாம் வெளிச்சமாயிற்று. கடையில் வாங்கிய இரண்டு வகைகளும், வைத்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே, உள்ளே மஞ்சள்கருவின் மங்கலான நிழல் மட்டும் அசைய, தெளிவாக இருந்தன. வீட்டு முட்டைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்களைப் போல் கிளைத்த இரத்த நாளங்களும் தெரிந்தன. அவற்றிலும் சில தெளிவாக இருந்தன. ஒன்றில் இரத்த வளையம் மட்டும் நின்றது. வளர ஆரம்பித்து இடையில் இறந்துபோன கருவின் அடையாளம் அது. உரிய நாளில் குஞ்சுகள் வந்தது மூன்றாம் வகையிலிருந்து மட்டுமே.

காரணம் பண்ணையில் இருக்கிறது. பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. பருவத்துக்கு வந்த பெட்டையின் சூலகத்திலிருந்து மஞ்சள்கரு ஒன்று முற்றிப் பிரிந்து, முட்டைக் குழாயின் புனல் போன்ற வாயில் விழுகிறது. அங்கே அது தங்குவது ஏறத்தாழ கால் மணி நேரம். சேவலின் விந்தணு அங்கே காத்திருந்தால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் கருவுறுதல் நடந்துவிடும். இல்லாவிட்டாலும் குழாய் தன் வேலையை நிறுத்துவதில்லை. வெண்கரு சுற்றி, சவ்வு போர்த்தி, சுண்ணாம்பு ஓடு படிந்து, 24 முதல் 26 மணி நேரத்தில் முட்டை வெளியே வந்துவிடும். வெண்கரு மூடிய பிறகு உள்ளே நுழைய எந்த விந்தணுவுக்கும் வழியில்லை. ஆகவே இட்ட முட்டையை எவ்வளவு நாள் சூட்டில் வைத்தாலும், பிறக்கும்போதே இல்லாத ஒன்றை இன்குபேட்டர் புதிதாக உண்டாக்கிவிடாது. இதற்கு நேர்மாறாக, ஒருமுறை சேவல் அணைந்த பெட்டை அந்த விந்தணுக்களைத் தன் உடலுக்குள் இருக்கும் நுண்ணிய குழல்களில் சேமித்து வைத்துக்கொண்டு, சேவலைப் பிரித்துவிட்ட பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகளை இட வல்லது. புழக்கடைக் கோழி வளர்ப்பவர்கள் ஒரு சேவலை வைத்தே பல பெட்டைகளின் முட்டைகளை அடை வைக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் கம்பிக் கூண்டுகளில் வரிசை வரிசையாக நிற்பவை அனைத்தும் பெட்டைகள். வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் உருவாக்கிய பி.வி. 300 போன்ற முட்டையினக் கோழிகள் பிறந்து ஐந்தாம் மாதவாக்கில் முட்டையிடத் தொடங்கி, ஓராண்டில் முந்நூற்றுக்கும் மேல் இடுகின்றன. இந்த வணிகத்தில் சேவலுக்குத் தீனி போடுவது வீண் செலவு. அதனால் பொரிப்பகத்திலேயே, பிறந்த முதல் நாளே, ஆண் குஞ்சுகளையும் பெண் குஞ்சுகளையும் பிரித்துவிடுகிறார்கள். முட்டையினத்தின் ஆண் குஞ்சு முட்டையும் இடாது. பிராய்லரைப் போல் வேகமாகச் சதையும் போடாது. அவற்றைப் பெரும்பாலும் அன்றே அழித்துவிடுவார்கள். எஞ்சியவற்றில் கொஞ்சம்தான் பச்சை, சிவப்பு, நீலச் சாயம் பூசிக்கொண்டு திருவிழாக் கடைகளில் கலர் கோழிக்குஞ்சாக நம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. கடை முட்டையில் ஏன் குஞ்சு வருவதில்லை என்ற கேள்விக்கு விடை அந்தச் சாயம் பூசிய குஞ்சுதான்: பண்ணைக்குள் போகாத சேவல் அது.

அந்தப் பண்ணைக் கோழிகளின் தாய்ப் பெட்டைகள் வேறு இடத்தில், தாய்க்கோழிப் பண்ணைகளில், சேவல்களோடு சேர்த்தோ செயற்கைக் கருவூட்டல் மூலமோ வளர்க்கப்படுகின்றன. அங்கே இடப்படும் முட்டைகள் பொரிப்பகத்துக்குப் போகும். நம் மளிகைக் கடைக்கு வருவதில்லை. தின்பதற்கான முட்டையும் பொரிப்பதற்கான முட்டையும் ஆரம்பத்திலிருந்தே இரண்டு தனித்தனிப் பாதைகளில் பயணிக்கின்றன. இன்குபேட்டரின் அட்டைப்பெட்டியில் இந்த ஒரு செய்தியை அச்சிட்டிருந்தால் அந்த ஒற்றை நட்சத்திரங்களில் பாதி மறைந்திருக்கும்.

ஆனால் அட்டைப்பெட்டியில் இருப்பது என்ன? பண்ணை முட்டைகள் அடுக்கிய வெள்ளை அட்டை ஒன்று, அதன் பக்கத்தில் மஞ்சள் குஞ்சுகள், நடுவில் 'எந்த முட்டையும் 21 நாளில் குஞ்சாகும்' என்ற வாசகம். வழிகாட்டித் தாளில் முட்டைத் தேர்வு பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: புதிய முட்டையாக இருக்க வேண்டுமாம். சேவல் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. கோழியைக் கூண்டிலோ தட்டிலோ மட்டுமே பார்த்து வளர்ந்த நகரத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இந்தப் பெட்டியை விற்பவர், அவர்களுக்குத் தெரியாது என்பதை அறிந்தே இந்த வரியை விட்டுவிட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலும் வெப்பநிலையைச் சரிபார்க்கச் சொல்லும் ஆயத்தப் பதில்தான்.

இன்னொரு பக்கம், பொரிக்காத முட்டையைப் பார்த்துவிட்டுச் சிலர் முடிவு கட்டும் விதமும் சரியல்ல. ஊசி போட்ட கோழி, இரசாயன முட்டை, பிளாஸ்டிக் முட்டை, உயிர் இல்லாததால் சத்தும் இல்லை என்று அந்தக் கருத்துப் பகுதியிலேயே எழுதியிருக்கிறார்கள். கருவுறாமல் இருப்பது முட்டையின் குறை அன்று. அதே கூண்டுக் கோழியோடு ஒரு சேவலை விட்டால் அதன் முட்டையும் பொரிக்கும். தின்பவருக்குக் கிடைக்கும் புரதத்திலும் கொழுப்பிலும் கருவுற்ற முட்டைக்கும் கருவுறாத முட்டைக்கும் கருதத்தக்க வேறுபாடு இல்லை. ஓட்டின் நிறத்துக்கும் இதில் தொடர்பில்லை. வெள்ளையா பழுப்பா என்பதைக் கோழியின் இனம் தீர்மானிக்கிறது. பேரங்காடியில் வாங்கிய பழுப்பு முட்டைகள் பொரிக்காததில் எனக்கு வியப்பில்லை. பழுப்பு முட்டையிடும் இனங்களையும் சேவலின்றிக் கூண்டில் வளர்க்கிறார்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை வைத்து அங்கே சேவல் இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. மஞ்சள்கருவில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது கருவுற்ற முட்டை என்பதும் அப்படியொரு தவறான நம்பிக்கை. முட்டை உருவாகும்போது பெட்டையின் உடலில் நுண்ணிய நாளம் ஒன்று வெடித்தால் படியும் இரத்தம் அது. உண்மையான அடையாளம் மஞ்சள்கருவின் மேற்பரப்பில் இருக்கும் வெண்புள்ளி. கருவுறாத முட்டையில் அது சிறிதாக, அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கற்று இருக்கும். கருவுற்ற முட்டையில் சற்றே பெரிதாக, நடுவில் தெளிவும் சுற்றி வெண்மையும் கொண்ட வட்டமாகத் தெரியும். கருவுற்ற முட்டை வெளியே வரும்போதே அந்த வட்டத்தில் பல்லாயிரம் செல்கள் பிரிந்து நிற்கின்றன. உடைத்துப் பார்த்த முட்டையை அடை வைக்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில் வாங்கிய முட்டைகளில் சிலவற்றை ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது இதைக் கவனித்தால், மீதியை வைக்கலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும்.

சந்தையில் கூடையில் வைத்து விற்கும் நாட்டு முட்டையைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே சேவல் இருந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் முட்டை உயிரோடு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. இட்டவுடன் முட்டை ஆறும்போது உள்ளிருக்கும் கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறது. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே அது உறக்கத்தில் இருக்கும். அதனால்தான் பொரிப்பகங்களில் முட்டையை 15 முதல் 18 டிகிரியில், கூடியவரை ஒரு வாரத்துக்கு மேற்படாமல், வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 35 டிகிரி இருக்கும் கடையில் நாள் கணக்கில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து, அடைச்சூடு கிடைக்காமல் செத்துவிடும். அதே முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எதிர்த்திசையில் ஆபத்து; 4 டிகிரிக் குளிரைத் தாங்கிப் பிழைக்கும் கருக்கள் உண்டென்றாலும் பொரிப்பு வெகுவாகக் குறையும். கரடுமுரடான பாதையில் வண்டியில் குலுங்கி வந்தால் அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறை இடம்பெயர்ந்துவிடலாம். கழுவிய முட்டையில் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் போய்விடுவதால் கிருமி நுழைய வழி திறந்துவிடுகிறது. கழுவி, குளிர்பதனத்திலேயே விற்க வேண்டும் என்ற விதியுள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில், தப்பித் தவறிக் கருவுற்ற முட்டை கடைக்கு வந்தாலும் அதன் வாய்ப்பு மிகக் குறைவு.

கடை முட்டையில் குஞ்சே வராது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெயிட்ரோஸ் பேரங்காடியில் வாங்கிய வாத்து முட்டைகளை வீட்டு இன்குபேட்டரில் வைத்த ஒரு பெண்மணிக்கு மூன்று வாத்துக்குஞ்சுகள் பிறந்தன. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. அந்த வாத்துகள் திறந்த வெளியில் மேய்பவை; வெண்ணிற வாத்துகளில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினம் என்பதால் எப்போதாவது ஓர் ஆண் வாத்து கூட்டத்தில் தங்கிவிடுகிறது. காடை முட்டையிலும் இப்படி நடப்பதுண்டு. விதிவிலக்குகளை வைத்து விளம்பரம் எழுதுவதும், விதிவிலக்கு தனக்கு வாய்க்கவில்லை என்று கருவியைத் திட்டுவதும் ஒரே வகையான கணக்குப் பிழைதான். கடை முட்டையை வைத்தே முயல விரும்புபவருக்குக் காடையோ வாத்தோ கோழியைவிட நல்ல தேர்வு. காடைக்கு 17 அல்லது 18 நாள்கள், வாத்துக்கு 28 நாள்கள் ஆகும். இந்தக் கருவியின் தட்டில் காடை முட்டை நன்றாகவே உருளுகிறது. வாத்து முட்டை இடிக்கிறது.

கருவிக்குத் திரும்பினால், சொல்ல வேண்டிய குறைகள் இன்னும் சில உள்ளன. மின்தடைக்கு எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு மணி நேரத் தடையை மூடியைத் திறக்காமல் மேலே கம்பளியைப் போர்த்திச் சமாளிக்கலாம்; அதற்கு மேல் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாக வேண்டும். மின்கம்பி குட்டையானது. 18-ஆம் நாள் உருட்டலை நிறுத்தத் தட்டை வெளியே எடுக்கும்போது வெப்பம் சட்டென்று இறங்குவதால் அந்த வேலையை விரைவாக முடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர்ப் பள்ளங்களுக்கு வெளியிலிருந்து ஊற்றும் துளை இருப்பது நல்ல யோசனை. விசிறியின் இரைச்சல் படுக்கையறைக்குப் பொருந்தாது, கூடத்துக்குப் பரவாயில்லை. பொரித்த குஞ்சுகள் உடல் காய்ந்து நிமிரும் வரை உள்ளேயே இருக்க இடம் போதுமானது. வயிற்றுக்குள் உறிஞ்சிக்கொண்ட மஞ்சள்கருவே முதல் இரண்டு நாள்களுக்கு அவற்றின் உணவு என்பதால் அவசரப்பட்டு மூடியைத் திறந்து தீனி போட வேண்டாம்.

முட்டையை எங்கே வாங்குவது என்பதுதான் இந்தக் கருவியை வாங்குபவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. சேவல் இருக்கும் வீட்டிலோ சிறு பண்ணையிலோ, இட்டு ஒரு வாரத்துக்கு உட்பட்ட, கழுவாத, விரிசலில்லாத, நடுத்தர அளவு முட்டைகளாகக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை பெட்டைகளுக்கு எத்தனை சேவல்கள் என்று தயங்காமல் கேட்கலாம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுவான அளவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின நிலையங்களிலும் நல்ல இனங்களைப் பற்றி விசாரிக்கலாம். வாங்கி வந்ததும் கூர்முனை கீழிருக்கும்படி அரை நாள் அசையாமல் வைத்துவிட்டு, அதன் பிறகு கருவியில் அடுக்க வேண்டும். ஏழாம் நாள் ஒளியில் தெளிவாகத் தெரியும் கூமுட்டைகளை அன்றே வெளியே எடுத்துப் புதைத்துவிடுவது நல்லது. 37 டிகிரிச் சூட்டில் மூன்று வாரம் கிடந்த முட்டை உள்ளேயே வெடித்தால் அந்த நாற்றத்தோடு நல்ல முட்டைகளுக்கும் கிருமி பரவும்.

கருவிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அட்டைப்பெட்டிக்கும் வழிகாட்டித் தாளுக்கும் தனியாக மதிப்பெண் போட இடமிருந்தால் ஒன்றுக்கு மேல் தரமாட்டேன். மளிகைக் கடை முட்டையை வைத்துக் குழந்தைகளுக்குக் குஞ்சு காட்டலாம் என்ற எண்ணத்தில் இருப்பவர்கள், சேவலுள்ள ஒரு வீட்டோடு முதலில் பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு பணம் கட்டவும்.